ஃபோர்மேன் தேர்ந்தெடுத்த வால்வு

அன்று காலை, பல் தேய்த்த ஈரம் காய்வதற்குள், ஃபோர்மேன் ஒரு வரலாற்று முடிவை எடுத்தார். இந்த வீட்டில் ஒரே ஒரு பொருளையாவது தன் கையால், தன் புத்தியால், யாரையும் கேட்காமல் தேர்ந்தெடுத்தே தீருவார்.

நியாயமான ஆசைதான். ஜன்னல் திரை வீட்டம்மா எடுத்தது. சோபா வீட்டம்மா எடுத்தது. அவர் மூக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த கண்ணாடி வீட்டம்மா எடுத்தது. காலில் இருந்த செருப்பும் அவள் எடுத்ததுதான். உச்சி முதல் உள்ளங்கால் வரை அவர் அவள் தேர்வு. நடுவில் கொஞ்சம் வயிறு இருந்தது. அது மட்டும் சொந்த சம்பாத்தியம்.

அச்சகத்தில் கதையே வேறு. அங்கே அவர் சிங்கம். ஆள் உயர மெஷின்கள் தடதடவென்று ஓடும் கூடத்தில், காதுமூடி கூட இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நிர்வாகம் கொடுத்த காதுமூடி ஆணியில் தொங்கி, தலை நரைத்து, தூசி படிந்துவிட்டது. "அதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு. மெஷின் என்ன பேசுதுன்னு எனக்குக் கேட்கணும்" என்பார். சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். அந்த இரைச்சலில் அவர் என்ன சொன்னார் என்பது அவர்களுக்குக் கேட்டிருக்காது.

அப்பேர்ப்பட்டவர் சாப்பாட்டு மேஜையில் தொண்டையைக் கனைத்தார்.

"நம்ம வண்டிக்கு வால்வு மாத்தப் போறேன்."

"ஏன், ஒழுகுதா?"

"குழாய் வால்வு இல்ல. டர்போ வால்வு. இங்க பாரு, டர்போ என்ன பண்ணும்? காத்தை அமுக்கி அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும். நான் ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்தா இஞ்சின் வாசல் மூடிக்கும். அப்ப அமுக்கின காத்து எங்க போகும்?"

"எங்க போகும்?"

"வால்வு வழியாப் போகும். போறப்ப ஒரு சத்தம் வரணும். புஸ்ஸ்ஸ்னு. எதிர்வீட்டுப் பல் டாக்டர் வண்டி எப்படிப் பெருமூச்சு விடுது? தெருவே திரும்பிப் பார்க்குது. நம்மளதும் டர்போதான். ஆனா வாயையே திறக்க மாட்டேங்குது. இந்த வீட்டு ஆம்பளை மாதிரி."

கடைசி வாக்கியம் அவர் யோசிக்காமல் சொன்னது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டம்மா சிரிக்கவில்லை. "நம்ம வண்டியும் புஸ்ஸுங்குதேங்க."

"எப்ப?"

"நேத்து சிக்னல்ல. இன்னைக்குக் காலையில வாசல்கிட்ட. தினமும்தான்."

"உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? அது டயர் சத்தமா இருக்கும்."

வீட்டம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அவரைப் பார்த்தாள். கூடத்தில் அலறிக்கொண்டிருந்த டிவியைப் பார்த்தாள். அந்த டிவியின் தயவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியையே விற்றுவிட்டதாகப் பேச்சு.

அவள் வேலை பார்ப்பது காது ஆஸ்பத்திரியில். வருகிறவர்களைச் சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, யாருக்கு எந்தச் சத்தம் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று சோதிப்பது அவள் தொழில். ஊர்க் காதெல்லாம் பார்த்தவளுக்கு வீட்டுக் காது மட்டும் சிக்கவே இல்லை. கூப்பிட்ட போதெல்லாம் ஃபோர்மேன், "என் காதா? ஊசி விழுந்தா அது எந்த நம்பர் ஊசின்னு சொல்லுவேன்" என்று மார்பை நிமிர்த்தினார்.

"சரிங்க," என்றாள் வீட்டம்மா. "நீங்களே தேர்ந்தெடுங்க. நான் குறுக்கே பேச மாட்டேன்."

ஃபோர்மேனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டைக்கென்று குளித்துக்கொண்டே தயார் செய்த வசனங்கள் எல்லாம் வீண். ஆனாலும் வெற்றி வெற்றிதானே. இன்னொரு முறை பரிமாறச் சொன்னார். பரிமாறினாள். அதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மெக்கானிக்கை எல்லாரும் 'ஸ்பானர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பட்டறை மேஜையில் வால்வுகளை வரிசையாக வைத்தான். ஓரத்தில் ஒரு கறுப்பு, நடுவில் ஒரு வெள்ளி நிறம், கடைசியில் ஊதுகுழல் மாதிரி வாய் விரித்த தங்க நிறம். ஃபோர்மேன் பார்வை நேரே தங்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"சார், அவசரப்படாதீங்க," என்றான் ஸ்பானர். "உங்க வண்டி உள்ளே வர்ற காத்தை அளந்து, அதுக்குத் தகுந்த மாதிரி பெட்ரோல் ஊத்தும். கம்பெனி வால்வு மிச்சக் காத்தை மறுபடி உள்ளேயே அனுப்பிடும். கணக்கு சரியா இருக்கும். இந்தத் தங்கம் என்ன பண்ணும்னா, அளந்த காத்தை வெளியில துப்பிடும். வண்டி பாவம், இல்லாத காத்துக்குப் பெட்ரோல் ஊத்தும். சிக்னல்ல இருமும். சமயத்துல நின்னே போயிடும்."

"இருமட்டும். தைரியமா இருமட்டும். இப்ப மூச்சே விடலையே, அதுதான் என் குறை."

"மூச்சு விடலையா?" ஸ்பானர் வண்டியைக் கிளப்பி, உறுமவிட்டு, சட்டென்று காலை எடுத்தான். புஸ்ஸ் என்றது வண்டி. "இந்தா, கேட்டீங்களா? முன்னாடி வச்சிருந்தவர் திறந்த ஏர் ஃபில்டர் மாட்டியிருக்காரு. அதான் காத்து திரும்பறப்பவே இவ்வளவு அழகா வருது."

"என்ன வருது?" என்றார் ஃபோர்மேன்.

ஸ்பானர் மறுபடி செய்தான். புஸ்ஸ். கூரைமேல் இருந்த புறா எழுந்து போனது.

"என்ன வருதுன்னு கேட்டேன்."

ஸ்பானர், ஃபோர்மேனுடன் வந்திருந்த வீட்டம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையை இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் அசைத்தாள். ஸ்பானர் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் வரலை சார்" என்றான்.

"சொன்னேன்ல," என்றார் ஃபோர்மேன், பெருந்தன்மையாக.

அப்போதுதான் வீட்டம்மா வாயைத் திறந்தாள். "ஏங்க, இங்க ஒரே இரைச்சல். இதுல போய் நீங்க எப்படித் தேர்ந்தெடுப்பீங்க? எங்க ஆஸ்பத்திரியில ஒரு ரூம் இருக்கு. வெளிச் சத்தம் எட்டிக்கூடப் பார்க்காது. தம்பி இந்த வால்வுச் சத்தத்தை எல்லாம் போன்ல பதிஞ்சு குடுக்கட்டும். அங்க அமைதியா உட்கார்ந்து கேட்டு முடிவு பண்ணுங்க. சும்மா வாங்கிட்டு வந்தாருன்னு இல்லாம, ஆராய்ச்சி பண்ணி வாங்கினாருன்னு இருக்கும்."

ஆராய்ச்சி. அந்த வார்த்தை ஃபோர்மேனின் தோளில் சால்வையாக விழுந்தது. பல் டாக்டர் ஆராய்ச்சி பண்ணியா மாட்டியிருப்பார்? பார்த்த கடையில் மாட்டியிருப்பார்.

ஆஸ்பத்திரி அறை அலமாரி அளவுதான். உள்ளே ஒரு நாற்காலி. ஃபோர்மேன் நீதிபதி மாதிரி அமர்ந்தார். வீட்டம்மா ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"சத்தம் வந்தா அமுக்குங்க. எவ்வளவு மெல்லிசா வந்தாலும் சரி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். ஃபோர்மேன் அமுக்கினார். மறுபடி அமுக்கினார்.

"இது என்ன, மாடு கத்தற மாதிரி இருக்கு?"

"அது ஹெட்போன் சரியா இருக்கான்னு பார்க்கிறதுங்க."

பிறகு அறைக்குள் பெரிய அமைதி. ஃபோர்மேன் காத்திருந்தார். விரல் பொத்தான்மேல் தவம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வீட்டம்மா எதையோ திருகினாள், நிமிர்ந்து பார்த்தாள், இன்னும் கொஞ்சம் திருகினாள்.

"என்ன, கரண்ட் போச்சா?"

"இல்லீங்க. இப்ப தம்பி குடுத்த கறுப்பு வால்வைப் போட்டேன்."

"இதுவா? சத்தமே இல்ல. தள்ளிடு."

"இது வெள்ளி."

"இதுவும் ஊமை. தள்ளு."

"இது தங்கம்."

ஃபோர்மேன் முகம் மலர்ந்தது. எங்கோ தூரத்தில் ஒரு யானை சலித்துக்கொள்வது போல ஒரு புஸ். பொத்தானை அமுக்கி, அமுக்கிய விரலை எடுக்காமலே இருந்தார். "இதுதான். வேற பேச்சே இல்ல."

வீட்டம்மா தாளில் எதையோ குறித்துக்கொண்டாள். தங்க வால்வுக்காக அவள் அந்தத் திருகை எதுவரை திருகியிருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அதற்குள் பெரிய டாக்டரம்மா வந்து, அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வீட்டம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"டாக்டர் எதுக்கு வந்தாங்க?"

"ரேஸ் ஓட்டறவங்க காதுல சின்னதா ஒண்ணு மாட்டியிருப்பாங்களே, பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. "பார்க்காம?" என்றார்.

"அந்த மாதிரிதான். வண்டிச் சத்தம் துல்லியமாக் கேட்டாத்தானே வால்வு ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கணும்னு சொல்லலாம். எல்லாருக்கும் தர மாட்டாங்க. உங்களுக்குக் கட்டாயம் வேணும்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

"கட்டாயம்னா சொன்னாங்க?"

"ரெண்டு காதுக்கும்."

ஃபோர்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தபோது, உட்கார்ந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தார்.

வண்டி தயாரான அன்று, பட்டறை வாசலில் வீட்டம்மா அந்தச் சின்னப் பொருளை அவர் காதுகளில் பொருத்தினாள். உலகம் திடுக்கென்று கிட்டே வந்தது. சாவிக் கொத்து கிணுகிணுத்தது. தன் செருப்பே தரையில் சரசரத்தது. வண்டிக்குள் ஏறி, திரும்பும் பக்கத்தைக் காட்டும் இண்டிகேட்டர் விளக்கைப் போட்டால், அது டிக் டிக்கென்றது. இத்தனை வருஷமாக அது பேசாமல் மின்னுவதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

ஆக்சிலேட்டரை மிதித்தார். காலை எடுத்தார்.

புஸ்ஸ்ஸ்.

ஃபோர்மேன் கண்ணில் தண்ணீர். மறுபடி மிதித்தார், எடுத்தார். புஸ்ஸ்ஸ்.

"கேட்டியா?"

"கேட்டேங்க."

"எப்படி?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"இதான் தேர்வு. நீ எடுத்த சோபா இப்படி ஒரு சத்தம் குடுக்குமா?"

"குடுக்காதுங்க."

வீட்டுக்கு நேராகப் போகிற வழியை விட்டுவிட்டு, தெருத்தெருவாகப் பெருமூச்சு விட்டபடி போனார்கள். தங்கள் தெருவுக்கு வந்தபோது பல் டாக்டர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் அவர் பக்கத்தில் வந்து, மிதித்து, எடுத்து, இறங்கினார்.

"டாக்டர் சார், சத்தம் எப்படி?"

"உங்க வண்டிக்கு என்ன சார். என்னைக்குமே அருமையான சத்தம்."

"என்னைக்குமேவா? இன்னைக்குத்தான் சார் மாட்டியிருக்கேன். ஆராய்ச்சி பண்ணி எடுத்தது."

"அப்படியா? எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே. நீங்க வண்டி வாங்கிட்டு வந்த அன்னைக்கு இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பொறாமையில நானே பெருசா ஒண்ணு வாங்கி மாட்டினேன். அது சிக்னலுக்குச் சிக்னல் இருமிட்டு நிக்குது."

"வித்தியாசம் தெரியலையா? இப்பக் காட்டறேன்." ஃபோர்மேன் பானெட்டைத் தூக்கினார். தங்கம் பளபளக்க வேண்டிய இடத்தில், பழைய கம்பெனி வால்வு ஒன்றும் அறியாத குழந்தை போல உட்கார்ந்திருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். திரும்பி வீட்டம்மாவைப் பார்த்தார். அவள் கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். பிரிக்கவே இல்லை.

"வேணும்னா மாட்டிக்கலாங்க. தம்பி இன்னைக்கு எண்ணெய் மட்டும்தான் மாத்தினான். வழி நெடுகக் கேட்டதெல்லாம் இந்தப் பழசோட சத்தம்தான். அது முன்னாடியும் இப்படித்தான் இருந்தது."

ஃபோர்மேனின் கை மெல்ல மேலே போய்க் காதைத் தொட்டது. அங்கே ரேஸ்காரர்கள் யாருமே மாட்டாத அந்தப் பொருள் சமர்த்தாக இருந்தது. வீட்டில் டிவி ஓடுகிறதா இல்லையா என்று கூட அவருக்கு இப்போது இங்கிருந்தே தெரிந்தது. பல் டாக்டர் திடீரென்று செடிகள்மேல் மிகுந்த அக்கறை காட்டினார்.

ஃபோர்மேன் தொண்டையைக் கனைத்தார். பானெட்டை மூடினார். விட்டுக்கொடுப்பாரா?

"இருக்கட்டும். பொத்தானை அமுக்கினது யாரு? நான். எது கேட்குது, எது கேட்கலைன்னு சொன்னது யாரு? நான். அப்ப காதுல இருக்கிற இதுவும் நானே தேர்ந்தெடுத்ததுதான்."

"ஆமாங்க," என்றாள் வீட்டம்மா. "கலர் மட்டும் நான் எடுத்தேன்."