அப்பா கையில் தங்கக் கட்டி

சொன்ன வேலையைச் செய்யாத ஆளோடு எப்படியோ காலம் தள்ளிவிடலாம். சொல்லாததையும் ஆசை ஆசையாகச் சேர்த்துச் செய்கிறவன்தான் குடும்பத்தைக் கவிழ்ப்பான். செயற்கை நுண்ணறிவு (எங்கள் தெருவில் ‘ஏஐ’) இந்த இரண்டாவது ரகம். நான் அதைவிட மோசம். முழுசாகப் பார்க்காமலே ‘சூப்பர்’ என்று சொல்கிறவன்.

தங்கை சாந்திக்கு நிச்சயதார்த்தம். தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கப் பகுதியில் எங்கள் வீட்டு வாசலிலேயே ஷாமியானா போட ஏற்பாடு. சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா முனுசாமி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. “அவுரு இருந்து ஆசீர்வாதம் பண்ணா எப்படி இருக்கும்!” என்று அம்மா பெருமூச்சு விட்டாள். தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய்வரும் எனக்கு முடியாதது உண்டா? ரயிலிலேயே அப்பாவின் பழைய போட்டோவை போனில் ஏற்றி, ‘கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி, மகளை வாழ்த்திச் சிரிக்க வேண்டும்’ என்று கட்டளையிட்டேன். பங்காருபேட்டை வருவதற்குள் அப்பா தலையை ஆட்டிச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு வீடியோவை நிறுத்திவிட்டேன். (மிச்சத்தையும் பார்த்துத் தொலைத்திருக்கலாம்.)

மாப்பிள்ளையின் அப்பா வேலூரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கறார் பேர்வழி. “நகை, சீரு எதுவும் வேணாம். நாணயமான குடும்பம்னாங்க, அது போதும்” என்று சொல்லித்தான் சம்பந்தத்துக்கே ஒத்துக்கொண்டவர்.

தட்டு மாற்றும் நேரம் பார்த்து டிவியைப் போட்டேன். அப்பா சிரித்தார். ஷாமியானா முழுக்க விசும்பல். அப்பா ஆசீர்வதிக்கக் கையை உயர்த்தினார். அந்தக் கையில் தேங்காய் அளவுக்குத் தங்கக் கட்டி!

தங்கவயல் என்றால் கிழங்கு மாதிரி தோண்டி எடுப்போம் என்று ஏஐக்கு நினைப்பு. கீழேயிருந்து வருவது வெறும் கல். அதை மில்லில் அரைத்துப் பிரித்தால்தான் தங்கம். அப்பா ஆயுசில் தொட்ட பெரிய தங்கம் அம்மாவின் தாலிதான். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வேலூருக்குத் தெரியாதே! தலைமையாசிரியர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இன்னா தம்பி இது? மைன்ஸ் பொருள எடுத்துக்கினு, படம் வேற புடிச்சி வெச்சிருக்கீங்களா?”

“ஐயோ மாமா, அது கம்ப்யூட்டர் போட்டது!”

“மூஞ்சி உங்க அப்பாவோடது. தொப்பி அவரோடது. தங்கம் மட்டும் கம்ப்யூட்டரோடதா?”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. செத்துப்போன மனிதருக்கு உயிர் கொடுக்கிறேன் பேர்வழி என்று திருட்டுப் பட்டம் கட்டிவிட்டேன். சாந்தி அழ ஆரம்பித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. (எங்கள் ஊரில் அதற்கும் வசதி இல்லை, சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.)

அப்போது பின்வரிசையிலிருந்து கோவிந்தப்பா எழுந்தார். சுரங்க கேட்டில் செக்யூரிட்டியாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குக் கோபம் எங்களுக்காக வரவில்லை, தன் உத்தியோகத்துக்காக வந்தது.

“சார், ஷிப்ட் முடிஞ்சி மேல வந்தா முனுசாமிய தடவிப் பாக்கறது நானு. டிபன் பாக்ஸ், தொப்பி, வாய்க்குள்ள டார்ச்சு அடிச்சி, ஒண்ணு விடமாட்டேன். இம்மாம் பெரிய கட்டி என்னைத் தாண்டிப் போச்சுன்னா நான் இன்னா குருடனா? எந்த ஷிப்ட்ல போச்சு, சொல்லுங்க!”

தலைமையாசிரியர் தடுமாறினார். “அப்ப, அவருகிட்ட ஒண்ணுமே ஆப்புட்டதில்லியா?”

“ஆப்புட்டுது. ஷூவுக்குள்ள ரெண்டு பீடி.”

அம்மா விருட்டென்று எழுந்தாள். “பீடியா? சாந்தி பொறந்த அன்னிக்கே உட்டுட்டேன்னு அவ தலைல அடிச்சி சத்தியம் பண்ணியேய்யா!”

டிவியில் அப்பா திரும்பத் திரும்பச் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்துத் திட்டிய திட்டில் தலைமையாசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தட்டு எங்கள் பக்கம் நகர்ந்தது.

இன்றைக்கும் சம்பந்தி எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது வாசலில் நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொள்வார். “கோவிந்தப்பா இல்லியா? செக் பண்ணாம எப்பிடி போறது?”

தங்கத்தை எடுத்துவிடு என்று ஏஐயிடம் சொல்லிப் பார்த்தேன். எடுத்துவிட்டு வெள்ளிக் கட்டி கொடுத்தது. அம்மா, பழசே இருக்கட்டும் என்றுவிட்டாள். தினமும் காலையில் என் போனை வாங்கி அப்பா சிரிப்பதைப் பார்க்கிறாள். கை மேலே வரும்போது மட்டும் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொள்கிறாள்.

“ஏம்மா மூடற?”

“சும்மா இர்றா. கோவிந்தப்பா பாத்துடப் போறாரு.”