கடலை மிட்டாய் அளவில் ஓர் அலமாரி

ஒரு விடுகதை. காலையில் அவன் என் மார்பு உயரம். சற்று நேரத்தில் என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அவனுடைய எண்களில் ஒன்றைக்கூட யாரும் மாற்றவில்லை. அவன் யார்?

தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். அவனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அன்றைய வேலை சின்ன வேலை. கள்ளக்குறிச்சியில் ஐந்து பலகைகளை வெட்டி வாங்க வேண்டும். மலைமேல் இருக்கும் கரியாலூர் போய், திருகாணி முடுக்கி அலமாரியாக்கி, செவ்வந்தியிடம் கொடுக்க வேண்டும்.

செவ்வந்திக்குப் பத்து வயது. பத்திரிகையில் நான் நடத்தும் சிறுவர் பக்கத்தில் ஓராண்டு முழுவதும் எல்லாப் புதிர்களுக்கும் சரியான விடை எழுதியவள் அவள் ஒருத்திதான். பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் வந்தது:

"புத்தகம் வைக்க ஒண்ணு வேணும் சார். போன தபா அனுப்பின கதையில திருடன் யாருன்னு தெரியறதுக்குள்ள ஆடு தின்னுடுச்சு."

கடையில் ஓர் அலமாரி வாங்கியிருக்கலாம். ஆனால் சிறுவர் பக்கத்துக்கு 'வழி கண்டுபிடி' படங்களைக் கணினியில் நானே வரைகிறவன் ஆயிற்றே! அலமாரியையும் நானே வரைந்தேன். உயரம் 48, அகலம் 30, ஆழம் 12. எல்லாம் அங்குலம்.

பலகை வெட்டும் மெஷின் வைத்திருக்கும் அமுதா முதல் நாளே போனில் சொன்னார்: "சார், ஃபைல எம்.எம்.ல குடுங்க. எங்க மெஷினுக்கு இன்ச்சு தெரியாது."

அவ்வளவுதானே! யூனிட் பகுதியைத் திறந்தேன். 'அங்குலம்' என்றிருந்ததை 'மில்லிமீட்டர்' ஆக்கினேன். சேமித்தேன். திரையில் 48 அப்படியே 48 ஆக நின்றது. ஓர் எண்ணைக்கூடக் கலைக்காமல் எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது என்று கணினியை மெச்சிக்கொண்டேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. டீக்கடையிலும் பஸ் நிலையத்திலும் சதவீதக் கணக்குதான். நான் போனபோது அமுதா ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்.

"சீக்கிரம் வாங்க சார், ஊர்வலம் வந்துகினு இருக்குது." என் படத்தைத் திறந்து பார்த்தவர் தயங்கினார். "இன்னா சார், ரொம்பக் கம்மியா காட்டுது? ஒரு தபா பாத்துடுங்களேன்."

"அம்மா, இருபத்தஞ்சு வருஷமா குழந்தைகளுக்குப் புதிர் போடறேன். ஒரு புள்ளி தள்ளிப் போனா நாப்பது கடிதம் வரும். என் அளவு தப்பாது. படத்துல இருக்கிறபடி வெட்டுங்க."

"நீங்க சொன்னா சரிங்க."

டீ குடிக்கப் போனேன். டீ ஆறுவதற்குள் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. நல்ல மெஷின்!

அமுதா உள்ளங்கையை நீட்டினார். அதில் ஐந்து கட்டைகள், கடலை மிட்டாய் அளவில்.

"பலகை எங்கம்மா?"

"இதான் சார். மொத்த அலமாரியும்."

அளந்து பார்த்தேன். பெரியவை நீளம் 48, அகலம் 12. என் எண்கள்தான், மில்லிமீட்டரில். பலகையின் கனம் மட்டும் பதினெட்டு. அகலத்தைவிடக் கனம் அதிகமான அலமாரியை உலகில் முதலில் செய்தவன் நானாகத்தான் இருக்கும்.

"யூனிட்ட மாத்தினா பேருதான் சார் மாறும்" என்றார் அமுதா, குழந்தைகளிடம் நான் பேசும் அதே குரலில். "படம் பெருசாவணும்னா இருபத்தஞ்சு புள்ளி நாலால பெருக்கணும். ஒரு நிமிஷ வேல. பெருக்கி, வேற பலகை போட்டு, பத்து நிமிஷத்துல குடுத்துடறேன்."

அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை. கொடியோடு இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

"மூடுக்கா. ஊர்வலம் வந்துடுச்சு."

"பத்தே நிமிஷம் தம்பி..."

"எங்க பங்க எத்தினி வருசமா கேட்டுகினு இருக்கோம். உனுக்குப் பத்து நிமிசமாக்கா?"

ஷட்டர் இறங்கியது. ஊரே விகிதத்துக்காகத் தெருவில் நின்ற நாளில் விகிதத்தைக் கோட்டை விட்டவன் நான் ஒருவன்தான்.

பஸ் ஒன்றும் ஓடவில்லை. ஆனால் செவ்வந்தி காத்திருப்பாளே! தக்காளி இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு மலைக்குத் திரும்பிய லோடு வண்டி ஒன்று, ஊர்வலம் வராத ஏரிக்கரை வழியாக என்னை ஏற்றிக்கொண்டது. முதல் கொண்டை ஊசி வளைவில் என் பை கிழிந்து, அலமாரியோடு கொடுக்க எடுத்துவந்த புத்தகங்கள் பன்னிரண்டும் சிதறின. டிரைவர் ஒரு மரப்பெட்டியைத் தள்ளிவிட்டார்.

"இதுல அடுக்கிக்கோங்க சார். பெட்டிய நீங்களே வெச்சுக்கோங்க. அலமாரி குடுக்கப் போறதா சொன்னீங்களே, அது எங்க?"

"சட்டைப் பையில."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வண்டியை வேகமாக ஓட்டினார்.

செவ்வந்தி வீட்டு வாசலில் நின்றாள். ஆடும் நின்றது. நான் ஐந்து கட்டைகளையும் வரிசையாக வைத்து, அங்குலம், மில்லிமீட்டர், இருபத்தைந்து புள்ளி நான்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அடுத்த வாரம் சரியான அலமாரி கொண்டுவரேன். அதுவரைக்கும் காத்திருப்பியா?"

அவள் ஆட்டைப் பார்த்தாள். பிறகு மரப்பெட்டியில் நிமிர்ந்து நின்ற புத்தகங்களைப் பார்த்தாள்.

"இந்தப் பெட்டி இன்னா அளவு சார்?"

"அளக்கலையே."

"புக்கு சரியா நிக்குதே."

செவ்வந்தி தக்காளிப் பெட்டியை எடுத்துப் பரண்மேல் வைத்தாள். அது ஆடாமலிருக்க என் கட்டைகளில் ஒன்றை அடியில் செருகினாள். மீதி நான்கையும் என்னிடமே கொடுத்துவிட்டாள்.