இரண்டு செல்வராஜ், ஒரு நிழல்

எம்.பி.ஏ. படித்த இரண்டு வருடத்தில், பெரியவர்கள் சொன்ன பேச்சை நான் அட்சரம் பிசகாமல் கேட்டது ஒரே ஒரு நாள்தான். என் மானம் போனதும் அன்றைக்குத்தான்.

எங்களை அதிகாரிகளாக்க அந்தப் பல்கலைக்கழக மேலாண்மைப் பள்ளி படாத பாடு பட்டது. கை குலுக்க ஒரு வகுப்பு. முள்கரண்டியால் பிரியாணி சாப்பிட ஒரு வகுப்பு (அன்று பாதிப் பேர் பட்டினி). ராயபுரத்திலிருந்து போன எனக்கு மட்டும் தனிப் பயிற்சி, பதற்றத்தில் "இன்னா சார்" என்று வாயில் வந்துவிடாமல் இருக்க. கடைசிப் பருவத்தில் 'நிழல் நாள்' என்று ஒன்று வைத்தார்கள். ஒரு நிறுவனத்தின் பெரிய அதிகாரி பின்னாலேயே காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை நடந்து, அவர் எப்படிப் பேசுகிறார், எப்படி முடிவெடுக்கிறார் என்று குறிப்பெடுக்க வேண்டும். அவரிடம் கையெழுத்து வாங்கி வந்தால்தான் வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் முன் போய் உட்கார முடியும்.

"நிழல் பேசாது. கேள்வி கேக்காது. செல்போன் நோண்டாது," என்றார் எங்கள் பேராசிரியை. நான் அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

எனக்குக் கிடைத்தவர், திருவொற்றியூர் பக்கம் இருந்த ஒரு கன்டெய்னர் யார்டின் துணைத்தலைவர். பெயர் செல்வராஜ். சித்திரை வெயிலில், என் அண்ணன் ஜெரால்டின் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. கேட்டில் நின்ற காவலாளியிடம், "செல்வராஜ் சாரைப் பார்க்கணும்," என்றேன்.

"இப்பதாம்மா உள்ள போனாரு. அதோ, வெள்ள சட்ட போட்டுகினு, கைல ஃபைலு வெச்சிகினு போறாரு பாரு," என்று சொல்லி, என் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து அனுப்பிவிட்டார்.

போனை அணைத்துவிட்டு ஓடினேன். அவருக்கு நாற்பது வயது இருக்கும்.

"குட் மார்னிங் செல்வராஜ் சார். இன்னைக்கு முழுக்க உங்க கூடவே இருக்கச் சொல்லியிருக்காங்க."

அவர் என் கோட்டைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "சரிங்க மேடம்," என்றார். ஒரு துணைத்தலைவர் என்னை மேடம் என்கிறாரே! 'பணிவு' என்று முதல் குறிப்பை எழுதினேன்.

பிறகு நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். ஏசி அறை இல்லை, கூட்டம் இல்லை, ஒரு கப் காபி இல்லை. சரளைக்கல்லில் என் குதிகால் செருப்பு இரண்டு முறை மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு டிரெய்லரின் சக்கரத்துக்கு அணை கொடுக்காமல் டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். இவரே ஒரு கல்லைத் தூக்கி வந்து வைத்தார். தரையில் சிந்தியிருந்த ஆயிலில் மண்ணை அள்ளிப் போட்டார். ஆடிக்கொண்டிருந்த கன்டெய்னர் அடுக்கின் கீழே டிபன் டப்பாவைத் திறந்த நாலு பேரை எழுப்பி, "வேற எடமே கெடிக்கலியா உங்களுக்கு?" என்று தள்ளி உட்கார வைத்தார். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார். நான் எழுதுவேன். அவர் பெருமூச்சு விடுவார்.

கழிப்பறைக்குப் போனபோதும் பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். (நிழலின் எல்லை எதுவரை என்று பேராசிரியை சொல்லவில்லை.) வெளியே வந்தவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, திரும்பப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். அதையும் எழுதினேன்.

மதியம் கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் பக்கம் நகர்த்தினார். "சாப்டுங்க மேடம், எலுமிச்ச சாதம். வூட்ல செஞ்சது." நிழல் பேசாது அல்லவா? தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சாப்பிட்டேன். என் மௌனம் அந்த மனிதரை எப்படிக் கலக்கியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நாலு மணிக்கு மாடியில் ஒரு பெரிய அறைக்குள் போனார். நானும் போனேன். மேசைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேசையில் பெயர்ப்பலகை: செல்வராஜ், துணைத்தலைவர்.

"யாரும்மா நீங்க?"

"நான் சாரோட நிழல்," என்றேன்.

"எந்த சாரோட?"

நான் என் செல்வராஜைக் காட்டினேன். அவர் பெரிய செல்வராஜிடம், "சார், மேடம் உங்க ஆளு இல்லியா? என்னை வேவு பாக்க நீங்க அனுப்சீங்கன்னு நெனச்சேன்," என்றார்.

அவர் யார்டு மேற்பார்வையாளர் வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்தவர். அவர் பெயரும் செல்வராஜ்தான். நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு வந்து குறைகளைச் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

"காலையிலேர்ந்து உங்க காலேஜ் மேடத்துக்கு மூணு தடவை போன் பண்ணிட்டேன்," என்றார் துணைத்தலைவர் என்னிடம். "ஐடி கார்டு தொங்குதான்னு பார்க்கத் தோணலியாம்மா?"

தோணவில்லை. கையெழுத்து போச்சு, வேலை போச்சு, அப்பா கட்டிய ஃபீஸ் போச்சு என்று கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவர் நோட்டை வாங்கினார். பதினான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். சோப்பு வரும் இடத்தில் அவர் தோள் குலுங்கியது.

"இதெல்லாம் இந்தப் பொண்ணு பார்க்கிறான்னு செஞ்சீங்களா?" என்று இன்னொரு செல்வராஜைக் கேட்டார்.

"மத்தியானம் வரிக்கும் அப்டித்தான் சார். அப்பால வெய்யில்ல இவங்க கீறதே மறந்துட்ச்சு."

துணைத்தலைவர் சிரித்துவிட்டார். "என் பின்னாடி வந்திருந்தா நாலு மீட்டிங்கும் ரெண்டு டீயும்தாம்மா எழுதியிருப்பே," என்று என் தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு அவரிடம், "நீங்க திங்கக்கிழமை வந்துருங்க," என்றார்.

படியிறங்கும்போது இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. கேட்டருகே நின்று செல்வராஜ் அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "வயித்த கலக்கிட்டியேம்மா. பாத்ரூம்கூட நிம்மதியா போவ முட்ல." வெயிலில் நின்று இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். கோட்டைக் கழற்றியபோது கடல் காற்று அடித்தது. அப்படி ஒரு காற்றை நான் அதற்குப் பிறகு வாங்கியதில்லை.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். மாதா கோயிலில், "இவரை உன் கணவராக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று சாமியார் கேட்டபோது, பின்னால் நின்ற ஜெரால்டு என் காதருகே குனிந்து, "ஐடி கார்ட ஒரு தபா பாத்துக்கோ," என்றான். பீடத்தின் முன்னாலேயே வெடித்துச் சிரித்துவிட்டேன். சாமியார் மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று. வீடியோவில் அது அப்படியே இருக்கிறது. யாராவது விருந்தாளி வந்து, "பொண்ணு ஏன் இப்படிச் சிரிக்குது?" என்று கேட்டால் போதும், அம்மா டிவியை நிறுத்திவிட்டு, இந்தக் கதையைச் சொல்ல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.