ஊதுபத்தியும் ஓட்டை அண்ணையும்

லண்டனில் அன்றிருந்த தமிழர்களில் குளிரோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்றவர் ஓட்டை அண்ணை ஒருவர்தான். மற்ற நாங்கள் எல்லாரும் இரண்டு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சரணடைந்துவிட்டோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பழைய வீட்டில் ஆறு ஆண்கள் இருந்தோம். அண்ணை ஊரில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். இங்கே பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட். வேலை முடிந்து வந்ததும் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவார். பெரிய பக்திமான் என்றுதான் நினைத்தேன், கக்கூஸ் ஜன்னலுக்கும் காட்டும்வரை.

“அண்ணை, இங்கையும் சாமியே?”

“விசர்க் கதை கதையாதை. புகை எங்கை சரியுதெண்டு பார். அங்கைதான் ஓட்டை. அதை அடைக்காமல் ஹீட்டர் போடுறது ஓட்டை வாளியிலை தண்ணி அள்ளுற மாதிரி.”

பனி நாட்டு வீடுகளைப் பற்றி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்திருந்தார். திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை. அங்கெல்லாம் எரிபொருளைக் கொட்டாமல், அடுப்புச் சூட்டையும் ஆட்களின் உடம்புச் சூட்டையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறார்களாம். உடனே பழைய சாமான் விற்கும் சரிட்டிக் கடைகளில் பழைய கம்பளிக் கோட்டுகளை அள்ளி வந்து கூரைக்கடியில் பரப்பினார். அந்த அவசரத்தில் என்னுடைய நல்ல கோட்டும் மேலே போய்விட்டது. யார் உள்ளே நுழைந்தாலும் முதல் வார்த்தை “கதவைச் சாத்து!” தான்.

இத்தனையும் யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவிக்காக.

“மனுசிக்கு மூச்சிழுப்பு, தம்பி. விசா கிடைச்சு வரேக்கை ஒரு அறையெண்டாலும் வெதுவெதுப்பா இருக்கோணும்.”

வீடு உண்மையாகவே சூடானது. பிறகு வியர்த்தது. ஆறு பேருக்குப் புட்டு அவித்த ஆவி போக வழியில்லாமல் சுவரில் வடிந்து, மனைவிக்கென்று வைத்திருந்த அறையின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. “இழுப்புக்காரிக்கு இது நஞ்செல்லோ” என்று அண்ணை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், வீடெல்லாம் ஓட்டை அடைத்த மனிதர் சமைக்கிற குசினிச் சுவரில் தன் கையாலேயே ஓட்டை போட்டு விசிறி பூட்டினார். பூஞ்சணத்தைச் சுரண்டி வெள்ளையடித்தார். அறை தயாரானது.

மனைவி வரவில்லை. சண்டையில் பாதை பூட்டிக் கிடந்ததாம், மருந்து கிடைக்கவில்லையாம். இழுப்பிலேயே போய்விட்டார் என்று தை மாதத்தில் தொலைபேசி வந்தது.

செத்த வீட்டில் வாசற்கதவைச் சாத்துகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. நாள் முழுவதும் அது திறந்தே கிடந்தது. ஆட்கள் வந்தார்கள், குளிரும் வந்தது. அண்ணை ஒரு தடவைகூடச் சாத்தச் சொல்லவில்லை. மனைவியின் படத்துக்கு முன்னால் ஊதுபத்திப் புகை சரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். புகை நேராக எழுந்தது.

“இப்ப சரி” என்றார்.

இப்போது குளிர்காலம் வந்தால் ரெய்னர்ஸ் லேனில் என் வீட்டு ஜன்னல்களுக்கு நானும் ஊதுபத்தி காட்டுகிறேன். பக்தி என்று என் மனைவி நினைக்கிறாள். நான் மறுப்பதில்லை.