டிராப்புக்கு என்ன அர்த்தம்?

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் பூரா மேதாவி என்று திரிந்தவன் ஒருத்தன்தான். செவிலிமேட்டு ஆட்டோக்காரன். பேரு பெத்தவங்களுக்குத்தான் தெரியும்; எங்களுக்கு அவன் டிராப்பு.

"கோயில்ல டிராப் பண்றேன்க்கா, ஆஸ்பத்திரில டிராப் பண்றேன்க்கா." படிப்பைக் கேட்டால், "எட்டாவதுல டிராப்பு" என்பான், பட்டம் வாங்கின மாதிரி. என் பித்தளைத் தவலையை நட்டநடு ரோட்டில் போட்டு நசுக்கிவிட்டு, "டிராப் ஆயிடுச்சுக்கா" என்றான். ஏதோ அதுவே ஸ்டாப்பிங் பார்த்து இறங்கிக்கொண்ட மாதிரி.

எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், கூட வந்திருந்த இவனிடம், "மூணு வேளை, ரெண்டு ரெண்டு டிராப்பு" என்றார். மறுநாள் காலையில் வாசலில் ஹாரன். மத்தியானம் ஹாரன். சாயங்காலமும். "எங்கன்னு டாக்டர் சொல்லலியேக்கா, நீயாச்சும் சொல்லு" என்கிறான். இந்த மூளைக்கு லைசென்ஸ் கொடுத்தவனைச் சொல்லணும்.

எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். நான் வளர்த்த தம்பி மகள் கலாவைப் பெண் கேட்டிருந்த மெட்ராஸ்காரர்கள், என் போனுக்கு இங்கிலீஷில் சேதி அனுப்பியிருந்தார்கள். கலா வேலைக்குப் போயிருந்தாள். புத்தி கெட்டு இவனிடம் நீட்டினேன்.

"சாட்டர்டே ஈவினிங் டிராப் இன்" என்று படித்தான். முகம் தொங்கிப்போச்சு. "உட்டுட்டாங்கக்கா."

"எதைடா?"

"நம்பளத்தான். சனிக்கிழமையோட சரி."

"அந்த இன்னு?"

"அது சும்மா, தொணைக்கு நிக்குது."

ஏன் என்று அவர்களிடம் திருப்பிக் கேட்க எனக்கு வீம்பு. மனசு உடைந்துபோவாளே என்று கலாவிடமும் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கிழிசல் புடவையில் மாவாட்டிக்கொண்டிருக்கிறேன், வாசலில் பூவும் பழமுமாக ஏழு பேர்! "வந்து பாத்துட்டுப் போறோம்னு மெசேஜ் போட்டமேம்மா" என்கிறாள் மாப்பிள்ளையின் அக்கா. தலை நிறைய எண்ணெயோடு கலா என்னை முறைக்கிறாள்.

எதிர் ஸ்டாண்டில் நின்ற அந்த மேதாவிக்கு அப்போதுதான் விளங்கியது. பறந்தான். பத்தே நிமிஷத்தில் மல்லிப்பூ, ஸ்வீட், போண்டா, காபி. காபியில் பாதி வழியிலேயே டிராப். "எல்லாம் அக்கா காலையிலயே சொல்லி வெச்சது" என்று கூடத்தில் நின்று கூசாமல் புளுகினான். சம்பந்தம் முடிந்தது. அதையும் தன் சாமர்த்தியம் என்றே இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

கலா மெட்ராஸில் இருக்கிறாள். வீட்டில் நான் மட்டும். வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து கொண்டுவந்து டிராப் பண்ணுவான். உள்ளே நான் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டால்தான் ஆட்டோ கிளம்பும்.

நான் கொஞ்சம் மெதுவாகத்தான் போடுவேன்.