நீ வராமலே கழித்த விடுமுறை

தாம்பரம் கிழக்கு,
ஆகஸ்ட் 1973

அன்பு மகன் ஜெபசீலனுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் இங்கே நாங்கள் சுகம். அங்கே நைஜீரியாவில் நீயும் உன் மாணவர்களும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம். இந்தக் கடிதத்தை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகப் படி. ஏனென்றால் நீ ஜூலை மாதம் விடுமுறைக்குத் தாம்பரம் வந்திருந்தாய். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. என்ன நடந்தது என்பது மட்டும் உனக்குத் தெரியாது. அதைத் தெரிவிக்கவே எழுதுகிறேன்.

அம்மாவின் கண்ணில் புரை முற்றிவிட்டதென்று முன்பே எழுதியிருந்தேன். இனியும் தள்ளிப்போட்டால் கண்ணே போய்விடலாம் என்று பட்டணத்து டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவளோ, "ஜெபசீலன் ஜூலைல லீவுல வரான் டாக்டர். அவனை ஒருதரம் பாத்துடறேன். அப்புறம் வெட்டுங்க, தைங்க, என்ன வேணா பண்ணுங்க" என்றாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னும் நல்லாப் பாக்கலாமேம்மா" என்றார் அவர். "தப்பாப் போனா?" என்றாள். வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு இரண்டு வருடத்துக்கொருமுறை நீண்ட விடுமுறையில் ஊர் வந்துபோக உன் பல்கலைக்கழகம் டிக்கெட் கொடுக்கிறது என்பதை, திருவசனத்தைப் போல அவள் நம்பியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து உன் தந்தி வந்தது. மாணவர் வேலைநிறுத்தத்தில் போன வகுப்புகளையெல்லாம் விடுமுறையில் நடத்த வேண்டும், வெளிநாட்டு ஆசிரியர்கள் ஒருவருக்கும் லீவு கிடையாது. "யார்கிட்டருந்துங்க தந்தி?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். "பென்ஷன் ஆபீஸ்" என்றேன். "பென்ஷன் ஆபீஸ்ல தந்தியெல்லாம் அடிப்பாங்களா?" "இப்ப அடிக்கிறாங்க." நான் சொன்ன முதல் பொய் அதுதான், அதற்கே எனக்கு வேர்த்துவிட்டது. ரயில்வேயில் லீவு செக்‌ஷனிலேயே தலை நரைத்தவன் நான். விதி இடம் கொடுக்கவில்லை என்று எத்தனையோ பேரின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் உன் பல்கலைக்கழகத்தின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. முறைப்படிதான் செய்திருக்கிறார்கள். பிறகு கொல்லைப்பக்கம் போய்க் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அங்கே வேலிக்கு அந்தப்பக்கம் நின்றிருந்த அடுத்த வீட்டுத் தோத்தாத்ரி சார், என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, "சார், தப்பா நினைக்கப்படாது. அவாளுக்கு இப்போ கண்ணு எவ்வளவு தெரியறது?" என்றார். ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது என்றேன். "அப்போ, ஒரு ஆள் நின்னாப் போறுமோல்லியோ?" என்றார். மகனே, நான் சபைக் கமிட்டியில் இருக்கிறவன். அந்த நிமிஷமே 'அப்பாலே போ, சாத்தானே' என்று சொல்லியிருக்க வேண்டும். "எந்த ஆள்?" என்று கேட்டுவிட்டேன்.

ஆள், தோத்தாத்ரி சாரின் தங்கை பிள்ளை யக்ஞநாராயணன். பட்டணத்தில் ஏதோ கணக்கு ஆபீசில் குமாஸ்தா. ஊரப்பாக்கத்தில் தனியாக ரூம் எடுத்திருக்கிறான். அம்மா அவன் குரலைக் கேட்டதில்லை. உன் உயரம், உன் தோள்; குரலுக்கு ஜலதோஷத்தைச் சொல்லிக்கொள்ளலாம். கேட்டதும் மிரண்டுபோய், "மாமா, நேக்கு வராது, விட்டுடுங்கோ" என்றான். நான் டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னேன். மறுநாள் மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றான். சாயங்காலம் சாயங்காலம் அவனை ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து, "சாப்டேளா இல்லை, சாப்பிட்டீங்களா. நேக்கு இல்லை, எனக்கு" என்று சொல்லிக்கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்யச் சொல்லிக்கொடுத்ததும் அங்கேதான். போர்ட்டர்களெல்லாம் எங்களைச் சுற்றிப்போனார்கள்.

உன் வருகை பல்லாவரத்திலிருந்து புறப்பட்டது. அங்கே ஸ்டாண்டில் ஒரு டாக்சி பிடித்து, விமானத்திலிருந்து வருகிறாற்போலத் தோத்தாத்ரி சாரின் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினோம். டிரைவர் அரிகிருஷ்ணன் என்பவன் பெட்டியைத் தூக்கிவிட்டு, தெருவே கேட்கும்படி, "இன்னா சார், பொட்டி காலியா கீது? ஃபாரின்லருந்து வர்றவரு பொட்டி இப்டியா இருக்கும்? ப்ளேன்ல எவனாச்சும் அட்ச்சுட்டானா?" என்றான். அம்மா வாசலில் நிற்கிறாள். "லக்கேஜ் கப்பல்ல வருதுப்பா" என்றேன். நீ கப்பலில் எதுவும் அனுப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எதையாவது அனுப்பிவை, கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் கையை நீட்டி உன் முகத்தை, அதாவது அவன் முகத்தை, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் தடவினாள். "இளைச்சுட்டடா" என்றாள். அவன் "ஆமாம்மா" என்றான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவள் பின்னாலேயே உள்ளே போனான்.

இராத்திரி ஆட்டுக்கறிக் குழம்பு. கண் தெரியாமலே, விரலால் உப்புப் பார்த்துப் பார்த்துச் சமைத்திருக்கிறாள். இதை நான் யோசிக்கவே இல்லை. பையன் இலையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், பெருமாளையும் கூப்பிட முடியாமல் கர்த்தரையும் கூப்பிடத் தெரியாமல் தவிக்கிறான். ஆகையால் உனக்குக் குடலில் கோளாறு, மாமிசம் தொடக்கூடாதென்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அறிவித்தேன். இனிமேல் அப்படித்தான், மறந்துவிடாதே. அவன் மோரும் நார்த்தங்காயுமாகச் சாப்பிட்டான். அதற்கு முன்னால் அவன் செய்த ஜெபம், உண்மையைச் சொல்லுகிறேன், நீ செய்ததையெல்லாம்விட நன்றாயிருந்தது. சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டு, "இந்தக் கண்ணு நல்லாத் தெரியணும், சுவாமி" என்று ஒரே வரியில் முடித்து, ஆமென் என்றான். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது, "அம்மா, கொஞ்சம் தீர்த்தம் குடுங்கோ" என்றானே பார்க்கலாம்! எனக்கு உயிர் போய்த் திரும்பியது. உன் குவார்ட்டர்சுக்கு அடுத்த வீட்டில் ரங்காச்சாரி என்று ஒரு புரொபசர் இருக்கிறார், அவரோடு பழகிப்பழகி உனக்கு இந்தப் பேச்சு வந்துவிட்டது என்றேன். அவருக்கு இரண்டு பெண்கள். இரண்டும் நன்றாகப் பாடும். நான்தான் அவசரத்தில் சேர்த்துவிட்டேன். கேட்டால் விழிக்காதே.

மறுநாள் காலையில், "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். என் பிள்ளையைப் பாத்தாச்சு" என்று அவளே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணையும் கட்டி, தலையை அசைக்கக்கூடாதென்று படுக்கவைத்துவிட்டார்கள். ஒரு சாயங்காலம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனால் போதும் என்றுதான் பையனோடு பேச்சு. அவன் ஆபீசுக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டுத் தினமும் வந்து உட்கார்ந்தான். பேப்பர் படித்தான், வேதபுத்தகத்தில் சங்கீதம் படித்தான், பால் புகட்டினான். நான் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். வார்டில் வேலை செய்யும் தபீதாள் என்ற அம்மாள், "குட்த்து வெச்சவரு சார் நீ. நம்ம வூட்ல நாலு கீது, ஒண்ணு வந்து எட்டிப் பாக்காது" என்றாள். பெருமையாக இருந்தது. அப்புறம் யாரை நினைத்துப் பெருமைப்படுவதென்று தெரியாமல் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

கட்டு அவிழ்ப்பதற்கு முந்தின நாள் உன் லீவு முடிந்ததென்று சொல்லி அவனை அனுப்பிவைத்தோம். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "போய்ட்டு வா, கண்ணு. ஒழுங்காச் சாப்பிடு" என்றாள். அவன் படியிறங்கும்போது என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டான். இது நடிப்பில் சேர்ந்ததில்லை.

கண் தப்பியது, மகனே. கட்டவிழ்த்ததும் டாக்டரின் விரல்களை எண்ணிச் சொன்னாள். கண்ணாடி போட்டால்தான் எழுத்துத் தெரியும். அது வருகிற வாரம்தான் வருமாம். அதனால்தான் அவள் எதிரிலேயே உட்கார்ந்து பயமில்லாமல் இதை எழுதுகிறேன். நீ செய்யவேண்டியது இவ்வளவுதான். அவளுக்கு உடனே ஒரு கடிதம் போட்டு, பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தேன், நார்த்தங்காய் நன்றாயிருந்தது என்று எழுது. கிறிஸ்துமசுக்கு உங்கள் பல்கலைக்கழகம் மனமிரங்கி லீவு கொடுத்தாலும் வாங்காதே. லீவு குமாஸ்தாவின் மனைவியாக இத்தனை வருடம் இருந்தவள் அவள். ஒரு முறை ஊர் வந்தவனுக்கு அடுத்த இரண்டு வருடத்துக்குக் கிடையாது என்ற விதி அவளுக்கு மனப்பாடம். உன்னைப் பார்க்க எனக்கு ஆசையில்லை என்று நினைத்துவிடாதே. உன் உயரத்தில் இருக்கிற இன்னொருவன் வாசலில் நிற்கும்போதுதான் நீ எவ்வளவு உயரம் என்பதே எனக்கு நினைவுக்கு வந்தது.

படித்ததும் இதைக் கிழித்துப் போடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ நடத்தும் கணக்குப் பாடத்தை அந்தப் பிள்ளைகளுக்குப் புரியவைத்து, உன்னை எல்லாத் தீமைக்கும், முக்கியமாக உன் அப்பாவின் யோசனைகளுக்கும், விலக்கிக் காப்பாராக.

உன் அன்புள்ள அப்பா,
வேதசிரோமணி

பின்குறிப்பு: ஜெபா, இது அம்மா எழுதுறது. அப்பா கவரை மேஜைமேல ஒட்டாம வெச்சுட்டு ஸ்டாம்பு வாங்கப் போயிருக்காங்க. கண்ணாடி நேத்தே வந்துடுச்சு. தோத்தாத்ரி சார் வீட்டு நாகலக்ஷ்மி மாமிதான் கூட்டிட்டுப் போய் வாங்கிக் குடுத்தாங்க. எல்லாத்தையும் படிச்சுட்டேன். அந்தப் பிள்ளை நீ இல்லேன்னு எனக்கு வாசல்லயே தெரியும். நீ வீட்ல இருந்தா உன் செருப்பு தடுக்காம நான் ஒருநாளாவது நடந்திருக்கேனா? அவன் கழட்டி ஓரமா ஜோடியா வெச்சான். உங்கப்பா என் கண்ணுக்காக இவ்ளோ தூரம் பொய் சொல்லி, வேர்த்துக் கொட்டிட்டு நிக்கறாங்க. அதுக்கு மேலயும் நான் அடம் பிடிச்சா மனுஷியா? அதான் புடவை மாத்திட்டுக் கிளம்பினேன். மூணாம் நாள் ஆஸ்பத்திரில அவன்கிட்ட, "தம்பி, நீ யாரு?"ன்னு மெதுவாக் கேட்டேன். சொல்லிட்டு அழுதான். அப்புறம், "நாளைக்கும் வரட்டுமா?"ன்னான். வான்னேன். ஸ்ரீரங்கத்துல அவங்கம்மாவைப் பாக்கறதுக்குச் சேத்து வெச்ச லீவாம் அது. போன வாரம் அந்தம்மாவுக்கு மாமியை விட்டு ஒரு கார்டு எழுதச் சொன்னேன், பிள்ளையை நல்லா வளத்திருக்கீங்கன்னு. அப்பாவுக்கு இது எதுவும் தெரிய வேண்டாம், பாவம், சந்தோஷமா இருக்காங்க. அவங்க எப்ப லீவு குடுத்தாலும் நீ புறப்பட்டு வா. எனக்கு இப்ப நல்லாத் தெரியுது.