ஜீப்பில் ஒலித்த ஐந்து தோசை

நான் அச்சடித்துக் கொடுத்த உணவு அட்டவணை, மிளகாய் பஜ்ஜியின் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் ஓர் அம்மா, காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய தாளை நாலாக மடித்து, அதில் பஜ்ஜியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். (எண்ணெயைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தார்.)

காகிதம் உதவாது, பேசத்தான் வேண்டும். எடை குறைக்க வருகிறவர்களுக்குத் தினமும் வாட்ஸ்அப்பில் ஊக்கமூட்டும் குரல் செய்தி! ஊட்டச்சத்துப் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏற்காட்டையே ஒல்லியாக்கிவிடும் வேகம். டாக்டரம்மா தயங்கினார். "ஒருத்தருக்கு மட்டும் அனுப்பிப் பாருங்க. குறைஞ்சா மத்தவங்களுக்கும் செய்யலாம்."

அந்த ஒருத்தர் மஞ்சக்குட்டை செல்வியக்கா. எஸ்டேட் வேலை. மேடேறினால் மூச்சு வாங்கியது, சர்க்கரையும் எட்டிப் பார்த்தது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்குள் உடம்பு இறங்காவிட்டால் சரிவில் நிற்க முடியாது, வேலை போய்விடும் என்று பயந்தார். போன் நம்பர் கொடுத்தார். பகலெல்லாம் அந்த போன் யாரிடம் இருக்கும் என்று நான் கேட்கவில்லை. (படிப்பில் அந்தப் பாடம் இல்லை.)

அன்று மாலையே முதல் செய்தியை அனுப்பிவிட்டு, மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஏறினேன். ஓட்டுநர் பழனிசாமி அண்ணன், செல்வியக்காவின் கணவர். அக்காவும் பின் சீட்டில் இருந்தார். வழியில் ஏறுகிறவர்கள் "வளைவுல நிக்கறேன்" என்று குரல் செய்தி அனுப்புவார்கள் என்பதால், எது வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவது அண்ணனின் வழக்கம். போட்டார். என் குரல் மலையெங்கும் ஒலித்தது.

"செல்வியக்கா, வணக்கம்ங்க. நேத்து ராத்திரி அஞ்சு தோசைன்னு உண்மையச் சொன்னீங்க பாருங்க, அதுவே முதல் வெற்றி. இன்னிக்கு நாலாவதுக்குக் கை போறப்ப வயித்தக் கேளுங்க, பசியா, ஆசையான்னு. எடை குறைக்கற ஆர்வம் பத்துக்கு எத்தன?"

"பத்துக்கு அஞ்சு தோசைங்க" என்றது பின்னாலிருந்து ஒரு பயணியின் குரல்.

அண்ணன் பிரேக் போட்டார். "அஞ்சா? எனக்கு மாவு தீந்துபோச்சுன்னு ரெண்டோட நிறுத்துனா."

ஜீப்பே சிரித்துக் குலுங்கியது. கியர் ராடுக்கும் ஒரு பலாப்பழத்துக்கும் நடுவில் செருகப்பட்டிருந்த என்னால் ஒளியக்கூட முடியவில்லை.

செல்வியக்கா இறங்கினார். "நொம்ப நல்லாப் பேசறே கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பதில் அறைந்திருக்கலாம்.

"ஏறு புள்ள, இருட்டுதில்ல" என்று அண்ணன் கூப்பிட்டார்.

"உங்க வண்டில இனி என்ற காலு படாதுங்க." (அத்தனை கோபத்திலும் 'ங்க' இறங்கவில்லை.)

அவர் பின்னாலேயே ஜீப் ஊர்ந்தது. "ஏனுங்க, நாங்களும் எறங்கி நடந்தா வெரசா ஊடு போயிருவமுங்க" என்றார் ஒருவர்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் செமத்தியாக வாங்கினேன். "நோயாளி சொன்னது நமக்குள்ளதான் இருக்கணும். செல்வி திரும்பி வரலைன்னா இதோட நிறுத்திக்குங்க." மன்னிப்புக் கேட்கப் பலமுறை போனேன். எப்போது போனாலும் அக்கா வீட்டில் இல்லை.

பருவம் தொடங்கும் நேரத்தில் ஒரு காலை, தானாகவே வந்து எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இறங்கியிருந்தது, நன்றாகவே.

"அக்கா, என் செய்தியாலயா?"

"அட போ சாமி. அந்த ஜீப்பப் பாத்தாலே கோவம் வருது. எஸ்டேட்டுக்குப் போக வர நடைதான். இப்ப மேடு ஏறினா மூச்சு வாங்கறதில்ல."

"தோசைங்க்கா?"

"மூணு. எண்ணறதுக்கு அவரு அடுப்புப் பக்கத்துலயே உக்காந்துக்கறாரு."

அந்தப் பருவம் முழுக்கச் சரிவில் நின்று பழம் பறித்தார். மற்றவர்களுக்கும் அனுப்ப டாக்டரம்மா ஒப்புக்கொண்டார், போன் யாருடையது என்று கேட்டு எழுதிய பிறகுதான். என் வீட்டிலோ, நான் இன்னொரு தோசைக்குக் கை நீட்டினால் அம்மா இன்றும் கரண்டியை மைக்காகப் பிடித்து, "பசியா, ஆசையா?" என்கிறார்.

போன வாரம் பழனிசாமி அண்ணன் வந்தார். ஸ்டியரிங்கில் தொப்பை இடிக்கிறதாம். "என்ற பேரையும் எழுதிக்கோங்க அம்மிணி. ஆனா எதுவும் பேசி அனுப்பிராதீங்க."

அவரோடு நிறுத்துவேனா? திங்கட்கிழமை ஜீப் ஸ்டாண்டு ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் எடை பார்க்கப்போகிறோம். எடைக் கருவியைச் செல்வியக்காதான் கொண்டு வருகிறார், நடந்தே.